எட்டு பேரு வைத்தியம்

சின்னவ எங்கன்னு மட்டும் கேக்காதீங்க, டீச்சர்! கதவைத் திறக்குற ஒவ்வொருத்தரும் இதையேதான் கேக்குறாங்க. "சின்னவங்க இல்லையா? சின்னவங்க எப்ப வருவாங்க?" ஏன், அக்காக்காரி நான் ஒருத்தி தூண் மாதிரி நிக்கிறேனே, கண்ணுக்குத் தெரியலையா? உக்காருங்க. அங்க இல்ல, அது அவ நாற்காலி. இங்க என் நாற்காலியில உக்காருங்க. அவ உள் ரூம்ல படுத்திருக்கா. காலையிலேர்ந்து நாலு தலை வெட்டியாச்சு, அதுக்கு மேல அவ கத்தரியைத் தொடக்கூடாது. கையைத் தலகாணி மேல தூக்கி வெச்சுக்கிட்டுப் படுத்தே கெடக்கணும். யாரு போட்ட சட்டம்ங்குறீங்க? எல்லாம் அந்த எட்டு பேரு!

எந்த எட்டு பேரா? ஓ... நீங்கதான் ரெண்டு வருஷமா மக வீட்டோட போயிட்டீங்களே, உங்களுக்கு எப்படித் தெரியும். கழுத்தை நேரா வைங்க. எவ்வளவு எடுக்கணும்? நுனி மட்டுமா? சரி, நுனி மட்டும்.

அவளுக்குக் கேன்சர் வந்துச்சு டீச்சர். மார்ல. ஐயோ அசையாதீங்க, கத்தரி கையில இருக்கு! இப்ப நல்லாத்தான் இருக்கா. நல்லா இருக்காளேன்னுதான் எனக்கு எரிச்சலே. அந்த எட்டு பேரும் மாரைத் தட்டிக்குவாங்கல்ல, எங்களாலதான் ஆச்சுன்னு. தட்டிக்கட்டும், தட்டிக்கட்டும்.

குளிக்கும்போது கையில தட்டுப்பட்டுச்சாம். சொன்னாளா? வாயே திறக்கல. பிறவியிலேயே வாய் கெடையாது அவளுக்கு. ரெண்டு பேருக்கும் சேத்து ஆண்டவன் எனக்கே குடுத்துட்டான். நானேதான் மொகத்தைப் பாத்துக் கண்டுபிடிச்சேன். எங்க வீட்ல எல்லாத்துக்கும் நான்தான டீச்சர். அம்மா போனதுலேர்ந்து நான்தான். பள்ளிக்கூடத்துல சேத்தது நான், இந்தத் தொழிலைப் பழக்குனது நான், மாப்பிள்ளை பாத்தது நான், அந்த மாப்பிள்ளை மூஞ்சி சரியில்லன்னு திருப்பி அனுப்புனதும் நான். அவளுக்குக் காப்பியா டீயான்னு யாராச்சும் கேட்டாக்கூட நான்தான் பதில் சொல்லுவேன். அவ ஒண்ணுக்கும் கஷ்டப்பட வேண்டியதில்ல.

இழுத்துக்கிட்டுப் போனேன் ஒரு பெரிய டாக்டர்கிட்ட. கத்தி டாக்டர். அடடா, என்ன தோரணை! ஊசி போட்டுச் சதை எடுத்தாங்க, ரிப்போர்ட் வந்துச்சு, பாத்தாரு. "எடுத்துடலாம்"னாரு. அவ்வளவுதான். ஒரு பக்கத்து மாரை முழுசா எடுத்துட்டு, அக்குள்ல இருக்குற நெணநீர் முடிச்சையெல்லாம் சேத்துச் சொரண்டி எடுத்துடலாம், அடுத்த வாரமே வாங்கன்னாரு. நானும் "எடுத்துடுங்க சார்"னுட்டேன். ஆளுன்னா அவர்தான் ஆளு! ஒரு டாக்டர், ஒரு கத்தி, ஒரு முடிவு. கடைக்கு லீவு போர்டுகூட எழுதிட்டேன். இவ? இவ பக்கத்துல உக்காந்து தன் விரலையே பாத்துக்கிட்டிருந்தா. நான்தான் சொல்லிட்டேனே, அவ என்ன சொல்லணும்?

ரெண்டு நாள் கழிச்சு அதே டாக்டர் ஆஸ்பத்திரியிலேர்ந்து போன். "கூட்டத்துல வெச்சுப் பேசிட்டுத்தான் தேதி சொல்லுவோம். இங்க எல்லாருக்கும் அப்படித்தான்." கூட்டமா! என் தங்கச்சி ஒடம்புக்குக் கூட்டமா? வாய்க்கா வரப்புத் தகராறா இது, பஞ்சாயத்து வெச்சுப் பேச? எனக்கு வந்துச்சே கோவம். ஒருத்தருக்கு வேலை தெரிஞ்சா ஒருத்தரே செய்வாரு. தெரியாதவங்கதான் நாலு பேரைக் கூப்பிட்டு வெச்சுக்குவாங்க. இப்ப உங்க தலையை வெட்டுறேன், நான் யாரையாச்சும் கூப்பிட்டுக் கேட்டேனா? பாருங்க, மடமடன்னு வெட்டிக்கிட்டே போறேன்.

என்ன? நுனியா? நுனிதான் டீச்சர், நுனிதான்.

போனோம் அந்தக் கூட்டத்துக்கு. அவங்க முதல்ல தனியாப் பேசிட்டு அப்புறம் எங்களைக் கூப்பிட்டாங்க. நீள மேசை. செவுத்துல பெரிய திரை. அதுல என்னமோ மேகமூட்டம் மாதிரி ஒரு படம். அதுதான் இவளாம்! எட்டு பேரு வரிசையா. நம்ம கத்தி டாக்டர் ஒரு ஓரமா, கடைசி பெஞ்சுப் பையன் மாதிரி. எனக்கு மனசே விட்டுப்போச்சு. மருந்து ஏத்துற அம்மா ஒண்ணு, கரண்டு வெக்கிற, அதான் கதிர் பாய்ச்சுற டாக்டர் ஒண்ணு, படம் பாக்குறவர் ஒண்ணு. அப்புறம் ஒரு ஒல்லிப்பிச்சான், கண்ணாடிச் சில்லுல ஒட்டி வெச்ச சதையைப் பாக்குறது மட்டுந்தான் அவருக்கு வேலையாம். ஆளைப் பாக்கவே மாட்டாராம், சில்லைத்தான் பாப்பாராம்! சம்பளம் வாங்குறாரு டீச்சர் அதுக்கு. ஒரு நர்ஸ், எப்பப் பாரு சிரிச்ச மூஞ்சி. ஒரு கைப்பயிற்சிக்காரர். கடைசியா மனசு டாக்டராம், ஒரு சின்னப் பொண்ணு. மாருல கட்டிக்கு மனசு டாக்டர் என்னத்துக்கு? அப்ப செருப்பு தைக்கிறவரையும் ஒரு நாற்காலி போட்டு உக்கார வைக்க வேண்டியதுதான, நடந்து வரணும்ல!

அந்தச் சில்லு டாக்டர் ஆரம்பிச்சாரு. இது மருந்துக்கு நல்லாக் கேக்குற ரகமாம். முதல்ல மருந்து ஏத்திச் சுருக்கிட்டு அப்புறம் வெட்டுனா, கொஞ்சமா வெட்டுனாப் போதுமாம். படக்காரரு திரையில ஒரு புள்ளியைக் காமிச்சாரு, அக்குள்ல ஒண்ணே ஒண்ணுதான் சந்தேகமா இருக்கு, மத்ததெல்லாம் சுத்தம்னு. மருந்தம்மா தலையாட்டுனாங்க. நான் கத்தி டாக்டரைப் பாத்தேன். இப்ப எந்திரிச்சு ஒரு போடு போடுவாருன்னு பாத்தேன் டீச்சர்! அந்த மனுஷன் சொல்றாரு, "சரிதான். நான் முன்ன சொன்னதை மாத்திக்கிறேன்."

மாத்திக்கிறாராம்! எல்லார் முன்னாடியும், கூச்சமே இல்லாம! அந்த ஆளு மேல வெச்சிருந்த மரியாதை அப்படியே பொத்துன்னு விழுந்துச்சு. நானெல்லாம் ஒரு முடிவெடுத்தா எடுத்ததுதான். மாத்துனதா சரித்திரமே கெடையாது. மாப்பிள்ளை விஷயத்துலகூட... சரி, அது எதுக்கு இப்ப.

நான் கேட்டேன், "உள்ள இருக்குறதை வெட்டி எறியாம, மருந்து ஊத்தி வளப்பீங்களா?"ன்னு. மருந்தம்மா சொல்றாங்க, "வளக்க இல்லம்மா, சுருக்க. உள்ள இருக்கும்போதே மருந்து வேலை செய்யுதான்னு கண்ணாலயே பாத்துடலாம்." எல்லாத்துக்கும் ஒரு பதில் வெச்சிருக்காங்க. எட்டு வாய் இருந்தா ஏன் வராது பதில்?

அப்பதான் அந்தக் கைப்பயிற்சிக்காரர் கேட்டாரு, "என்ன வேலை பாக்குறீங்க?" நான் சொன்னேன், "சொந்தக் கடை சார், பார்லர்." அவரு என்னைப் பாக்கவே இல்ல. "அவங்க சொல்லட்டுமே"ங்குறாரு. யாரு, இவளா? இவ எங்க சொல்லப்போறான்னு நான் சும்மா இருந்தேன். எந்திரிச்சா டீச்சர்! ரெண்டு விரலைக் கத்தரி மாதிரி வெச்சுக்கிட்டு, கையைத் தூக்கி, அங்க இல்லாத ஒரு தலையை வெட்டிக் காமிக்கிறா. உச்சி, காதோரம், பின் கழுத்து... எட்டு பேரும் வாயைப் பொளந்துக்கிட்டுப் பாக்குறாங்க. அப்புறம் சொன்னா, "நாளெல்லாம் கை இப்படித்தான் நிக்கும். கை இல்லன்னா எனக்கு ஒண்ணுமில்ல."

அப்புறம் கத்தி டாக்டரும் கைக்காரரும் குசுகுசுன்னு பேசுறாங்க. அக்குள்ல எல்லாத்தையும் சொரண்டி எடுத்தா, சில பேருக்குக் கை வீங்கிப்போகுமாம். தூக்க முடியாமப் போகுமாம். வாழ்நாளைக்கும் இருக்குமாம் அது. மருந்து நல்லா வேலை செஞ்சா ஒண்ணு ரெண்டை மட்டும் எடுத்துச் சோதிச்சுட்டு விட்டுடலாமாம். இதை முதல்லயே என்கிட்ட யாராச்சும் சொன்னாங்களா? சொல்லல! நான்... கேக்கல. அது வேற விஷயம்.

குனிங்க கொஞ்சம். ம்ம். இந்தப் பக்கம் ஏறிப்போச்சோ? இல்ல இல்ல, நீங்க சாஞ்சு உக்காந்திருக்கீங்க.

மருந்து ஏத்த ஆரம்பிச்சாங்க. ஊசி போடுற அறையில அந்தச் சிரிப்பு நர்ஸ் வந்து இவளைக் கேக்குறா, "என்ன குடிக்கிறீங்க, காப்பியா டீயா?" நான் வாயத் திறக்குறதுக்குள்ள இவ சொல்றா, "டீ." டீயாம்! இத்தனை வருஷமா ரெண்டு வேளையும் என் கையால காப்பி கலந்து குடுத்திருக்கேன் டீச்சர். ஒரு நாள் சொல்லியிருக்கலாம்ல? வீட்டுக்கு வந்து கேட்டா, "நீ கேட்டதில்லையே அக்கா"ங்குறா. பாத்தீங்களா? எட்டு பேரு கூடச் சேந்தா இதுதான் நடக்கும். பேச்சு வந்துடும்.

முடி கொட்ட ஆரம்பிச்சுது. இந்த நாற்காலியிலதான் வந்து உக்காந்தா, நீங்க உக்காந்திருக்கீங்களே, இதுல. கழுத்துல துணியைச் சுத்திக்கிட்டு, மெஷினை என் கையில குடுத்துட்டு, "எடுத்துரு அக்கா"ன்னா. எத்தனை தலை பாத்திருப்பேன் நான்? மெஷின் ஓடுது, என் கை ஓடல. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே நின்னேன். கொஞ்ச நேரம் பாத்தா, என் கையிலேர்ந்து வாங்குனா, கண்ணாடியைப் பாத்துத் தானே எடுத்துக்கிட்டா. பின்பக்கமெல்லாம் தடவிப் பாத்தே எடுத்தா. ஒரு கீறல் கெடையாது. கீழ விழுந்ததைக் கூட்டுனது மட்டும் நான். அதுல என்ன இருக்கு, தினமும் கூட்டுறதுதான... தினமும் கூட்டுறதுதான்.

தண்ணி தெளிக்கிறேன், கண்ணை மூடிக்குங்க.

இப்ப முக்கியமான அநியாயத்தைச் சொல்றேன் கேளுங்க. அந்த எட்டு பேரும் கூடிப் பேசி ஒரு தீர்மானம் போட்டாங்க. என்னன்னு? இனிமே டாக்டரைப் பாக்கும்போது அக்கா வெளிய உக்காரணுமாம்! என்னை! காரிடார்ல ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கால் ஆடும். அதுல நான். உள்ள இவ தனியா! ஏன்னு கேளுங்க. ஒரு காரணமும் கெடையாது!

ஒரு பொடி டீச்சர். வெறும் பொடி. இங்க வர்ற ஒரு அம்மா குடுத்தாங்க, ரத்தத்தைச் சுத்தம் பண்ணும், மருந்தோட சூட்டைத் தணிக்கும்னு. எல்லாம் இயற்கைதான, வேரும் இலையுந்தான? தினம் காலையில ஒரு ஸ்பூன், பழச்சாறுல கலக்கிக் குடுத்தேன். ஒரு ஸ்பூன்... சில நாள் ரெண்டு. முகத்தைச் சுளிச்சுக்கிட்டு இவளும் குடிச்சா. நான் குடுத்தா குடிச்சுத்தான ஆகணும்?

அடுத்த ஊசிக்குப் போனா, ரத்தம் பாத்துட்டு மருந்தம்மா கையை விரிச்சுட்டாங்க. ஈரல் கெட்டிருக்கு, இன்னைக்கு ஊசி போட முடியாது. ஈரலுக்கும் பரவிடுச்சா? படம் எடுத்தாங்க. படக்காரரு ஈரல்ல ஒண்ணுமே இல்லங்குறாரு. அப்ப ஏன் கெட்டுச்சு? யாருக்கும் புரியல. நாள் போகுது, மருந்து நிக்குது. அந்தக் கட்டி சும்மாவா இருக்கும்? நான் ஆஸ்பத்திரி முழுக்கக் கேக்குற மாதிரி கத்துனேன், "எட்டு பேரு இருந்து என்ன பிரயோஜனம்? அந்த ஒத்த ஆளு அன்னைக்கே வெட்டியிருந்தா முடிஞ்சிருக்கும்!"னு. வீட்டுக்கு வந்து, பாவம் புள்ள வாடிப்போயிருக்கேன்னு பொடியை இன்னும் கொஞ்சம் கூட்டிப் போட்டேன்.

அந்த மனசு டாக்டர் இருக்கே, சின்னப் பொண்ணு, அதுகிட்ட இவ தனியாப் பேசியிருக்கா. என்னவோ பேச்சுல, "அக்கா குடுக்குற பொடி குமட்டுது, வேண்டாம்னு சொல்லத் தெரியல"ன்னு சொல்லியிருக்கா. அவ்வளவுதான சொன்னா? அது மனசுல இருக்குற விஷயந்தான? மனசு டாக்டர் மனசோட வெச்சுக்க வேண்டியதுதான? இல்ல! இவகிட்டயே சொல்லலாமான்னு கேட்டுக்கிட்டு, கூட்டத்துல போய் மருந்தம்மாகிட்ட கோள் சொல்லியாச்சு! அந்தம்மா மேசையைத் தட்டிட்டு எந்திரிச்சாங்களாம், "அதான் ஈரல்!"னு. ஒரே மேசையில உக்காந்தா இதான் வம்பு. ஒருத்தர் காதுல விழுந்தது இன்னொருத்தர் காதுக்குப் போயிடுது.

பொடியைக் கொண்டாரச் சொன்னாங்க. டப்பாவோட கொண்டுபோய் வெச்சேன். யாரும் என்னைத் திட்டல டீச்சர். திட்டியிருந்தா நாலு வார்த்தை திருப்பிக் குடுத்திருப்பேன். மருந்தம்மா மெதுவா சொன்னாங்க, "நீங்க நல்லதுக்குத்தான் குடுத்தீங்க. இனிமே குடுக்காதீங்க." பொடியை நிறுத்துனதும் ஈரல் கொஞ்சம் கொஞ்சமா இறங்கிச்சு, மறுபடி ஊசி போட ஆரம்பிச்சாங்க. அதோட விட்டாங்களா? அந்தச் சிரிப்பு நர்ஸ் இவகிட்ட கேட்டிருக்கா, "டாக்டரைப் பாக்கும்போது யாரு கூட இருக்கணும்?" இவ சொல்லியிருக்கா, "நான் மட்டும்." தீர்மானம் அங்கதான் பொறந்துச்சு.

நான் அந்த ஆடுற நாற்காலியில உக்காந்திருந்தேன். அந்தச் சின்னப் பொண்ணு, மனசு டாக்டர், வந்து பக்கத்துல உக்காந்துச்சு. "உங்களுக்குத் தூக்கம் வருதா?"ன்னு கேட்டுச்சு. எனக்கா? எனக்கென்ன நோயா? கட்டி அவளுக்கு, கேள்வி எனக்கா? நல்லா நாக்கைப் பிடுங்குற மாதிரி கேக்கணும்னு வாயத் திறந்தேன்... அழுகைதான் வந்துச்சு. அம்மா செத்தப்பகூட நான் அழுகல டீச்சர், இவளை யாரு பாத்துக்குறதுன்னு. அதெல்லாம் சேத்து வெச்சு அன்னைக்கு வந்துச்சு. ஒரு பெட்டி டிஷ்யூ பேப்பர் காலி. மட்டமான பேப்பர், மூக்கு எரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் ஊசிக்குப் போறப்பெல்லாம் அந்தப் பொண்ணு என்னையும் கூப்பிட்டு உக்கார வெச்சுப் பேசும். வெட்டிப்பேச்சு. நானும் வேற வேலை இல்லன்னு போவேன். நேரமாச்சுன்னா நானே போய்க் கதவைத் தட்டுவேன், கூப்பிட மறந்துட்டாங்களோன்னு.

மருந்து முடிஞ்சுது. படக்காரரு திரையில தேடுறாரு தேடுறாரு, கட்டியைக் காணோம். தழும்பு மாதிரி கொஞ்சூண்டு. அப்புறம் கத்தி டாக்டர் சின்னதா வெட்டுனாரு. அக்குள்ல ரெண்டு மூணு முடிச்சு மட்டும் எடுத்தாரு, ஒண்ணுலயும் ஒண்ணுமில்ல. கரண்டும் வெச்சு முடிச்சாங்க. நான் கத்தி டாக்டர்கிட்ட கேட்டேன், "அன்னைக்கே முழுசா எடுக்குறேன்னீங்களே சார்?" அவரு சொல்றாரு, "அன்னைக்கு நான் மட்டுந்தானம்மா பாத்தேன்." இதெல்லாம் ஒரு பதிலா? வெக்கமா இருக்காது ஒரு மனுஷனுக்கு?

அந்தச் செவுத்தைப் பாருங்க, கண்ணாடி ஓரமா. பென்சில் கோடு கோடா இருக்கா? கைக்காரர் வேலை. செவுத்துல விரலை எறும்பு மாதிரி நடக்க விடணுமாம், எட்டுற எடத்துல ஒரு கோடு போடணுமாம். பெயின்ட் அடிச்சு ஒரு வருஷம் ஆகல டீச்சர்! முதல் கோடு அவ தோள் வரைக்குந்தான் இருந்துச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டு நிப்பா. நான் இங்கேர்ந்து, "இன்னும் கொஞ்சம்டி, இன்னும் கொஞ்சம்"னு கத்துவேன். மேல இருக்குற கோடெல்லாம் ஸ்டூல் போட்டு நான் போட்டது. செவுரு நாசமாப்போச்சு. அழிக்கலாம்னா மனசு வரல... நேரம் வரல, நேரம்.

அவ்வளவு பாடுபட்டு வந்த கையை இப்பக் கண்டபடி விட்டுட முடியுமா? அதான் நாலு தலை. எல்லாரும் என்னைத்தான் கோவிச்சுக்குறாங்க. என்னை ஏன் கேக்குறீங்க? அந்த எட்டு பேரு போட்ட சட்டம், அவங்களைப் போய்க் கேளுங்...

என்னடி எந்திரிச்சு வந்துட்ட? டீச்சர்தான், பாத்துட்டேல்ல, போய்ப் படு. எப்படிக் கெடந்தான்னு பாருங்க டீச்சர், கன்னத்துல தலகாணி மடிப்பு... என்ன? நீ வெட்டுறியா? அதெல்லாம் ஆகாது. நாலு ஆச்சு இன்னைக்கு. கைக்காரர் சொன்னது மறந்துபோச்சா?

என்னது? ...போன தடவையா? ...எப்ப சொன்னாரு?

டீச்சர், இவ பேச்சை நம்பாதீங்க. இப்பல்லாம் ரொம்பப் பேசுறா. அது... ஆமா, போன தடவை போனோம். கையைத் தூக்கச் சொன்னாரு, டேப் வெச்சுச் சுத்தளவு பாத்தாரு, ரெண்டு கையும் ஒண்ணாத்தான் இருக்குன்னாரு. "இனிமே கணக்கு வேண்டாம், முடிஞ்ச வரைக்கும் வெட்டுங்க"ன்னு சொன்னாரு. சொன்னாருதான். நானும் பக்கத்துலதான் இருந்தேன், இவதான் இப்ப உள்ள கூட்டிக்கிட்டுப் போறாளே. கேட்டுச்சு. எனக்கென்ன காதா இல்ல?

கத்தி டாக்டரும் சரின்னாரா? சொல்லட்டும்டி. மருந்தம்மாவுமா? எட்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாலும் சரி! அவங்க ஆஸ்பத்திரியில பாக்குறாங்க உன்னை. வீட்டுல ராத்திரி கையைத் தடவிக்கிட்டே படுக்குறியே, அதை யாரு பாக்குறா? எட்டு பேரு சொன்னாப் போதுமா? ஒன்பதாவதா நான் ஒருத்தி இருக்கேன்ல! நான் இன்னும் சரின்னு சொல்லல!

டீச்சர்... எங்க எந்திரிக்கிறீங்க? துணியைக் கழட்டாமயே... அட, இன்னும் இந்தப் பக்கம் முடியல! ...என்னடி அப்படிப் பாக்குற? நுனிதான் கேட்டாங்க, நுனிதான் எடுத்தேன். பேச்சுல கொஞ்சம் உள்ள போயிடுச்சு. சரி பண்ணிடலாம். நீ பண்ணுவ, எனக்குத் தெரியும். போங்க டீச்சர், அவ நாற்காலியிலயே உக்காருங்க. எல்லாரும் அங்கதான போவீங்க.

இந்த ஒண்ணோட சரி, சொல்லிட்டேன். முடிச்சதும் போய்ப் படுக்கணும். கையை ரொம்ப நேரம் மேலயே வெச்சிருக்காத, எறக்கி எறக்கித் தூக்கு... ஆங், அப்படித்தான். இரு, நான் டீ போட்டுட்டு வரேன்.